பெற்றோரே நடத்தும் சிறார் விளையாட்டு மையம்: கோலாலம்பூரில் தொடங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகளில் ஒரு வீட்டின் பரப்பளவு பெரும்பாலும் 650 முதல் 700 சதுர அடி. மூன்று அறை, ஒரு கூடம், துணி காயப்போட ஒரு மூலை. தாத்தா பாட்டியோடு ஆறேழு பேர் வாழும் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஓடுவதற்கு இடம் எங்கே? நடைவழியில் விட்டால் மோட்டார் சைக்கிள் வருகிறது. கீழே விட்டால் கார்கள். மேல் மாடியிலிருந்து எவரோ வீசும் பொருள்கள். கடைசியில் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து உட்காரவைக்கிறோம். இதில் பெற்றோர்மேல் பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டடத்தைக் கட்டியவர்கள் குழந்தையை நினைத்துக் கட்டவில்லை.

யுனிசெப் 2018இல் கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், அங்கே வாழும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் பாலர்பள்ளிக்குச் செல்வதாகக் கண்டார்கள். அதற்கும் கீழே உள்ள வயதினருக்கு வீட்டைத் தவிர வேறு இடமே இல்லை என்பது செந்தூல், ஜிஞ்சாங், பந்தாய் டாலாம் பக்கம் ஒரு காலைப் பொழுது நடந்தாலே தெரியும். இந்த வழிகாட்டி அந்தப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. காசு அதிகம் வேண்டாம், பட்டம் வேண்டாம். வாரத்தில் ஒரு காலை, ஒரு மண்டபம், தம் பிள்ளையோடு கூட உட்கார மனமுள்ள ஐந்து குடும்பங்கள் போதும்.

எங்கே தொடங்கியது?

1941இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், போர்க்காலத்தில் தனித்துப் பிள்ளை வளர்த்த தாய்மார்களின் பாரத்தைக் குறைக்கச் சில பெண்கள் கூடி ‘பிளேசென்டர்’ என்ற பெயரில் விளையாட்டு மையம் ஒன்றை அமைத்தார்கள். அது பரவியது. 1948இல் நாடளாவிய கூட்டமைப்பு உருவானபோது குவென் சாமர்செட் அதன் முதல் தலைவர் ஆனார். இன்றும் அங்கே நூற்றுக்கணக்கான மையங்களைப் பெற்றோரே நடத்துகிறார்கள். பிறந்த குழந்தை முதல் பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளை வரை ஒரே அறையில் கலந்து விளையாடுகிறார்கள். பெற்றோர் முறைவைத்துப் பொறுப்பு எடுக்கிறார்கள். குழந்தை வளர்ப்பு பற்றிய பயிற்சியையும் தாங்களே பெறுகிறார்கள். இங்கிலாந்தில் 1961இல் பெல் டுடேவ் என்ற லண்டன் தாய் தன் மகளுக்கு இடம் கிடைக்காமல் அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஒரு குழுவை அமைத்து, ‘கார்டியன்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே அது தேசியச் சங்கமாக வளர்ந்தது.

இரண்டு இடத்திலும் பெற்றோரே முன்னின்று நடத்தினார்கள். நம் மையத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறோம்: பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டுப் போவதில்லை, கூடவே இருக்கிறார்கள். இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள். பிள்ளையை இறக்கிவிட்டுப் போகலாம் என்ற நிலை வந்த அன்றே உங்கள் மையம் மலிவான பராமரிப்பு இல்லமாக மாறிவிடும். அப்போது சட்டமும் மாறும், பொறுப்பும் மாறும், பிள்ளைக்குக் கிடைப்பதும் மாறும்.

முதல் படி: ஐந்து குடும்பம்

அறிவிப்பு ஒட்டி ஆள் சேர்க்க வேண்டாம். ஒரே கட்டடத்தில், அல்லது நடந்து வரும் தூரத்தில், ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளையுள்ள குடும்பங்களை நேரில் போய்ப் பாருங்கள். தடுப்பூசி போட மருந்தகத்துக்கு வரும் தாய்மார்கள், வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வருபவர்கள், தமிழ்ப்பள்ளி வாசலில் மூத்த பிள்ளைக்காகக் காத்திருந்து இடுப்பில் இளையதைச் சுமந்து நிற்பவர்கள் எல்லாரும் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறார்கள்.

கேட்கும்போது நேராகக் கேளுங்கள்: “அக்கா, சனிக்கிழமை காலையில் இரண்டரை மணி நேரம் பிள்ளையோடு வந்து உட்கார முடியுமா?” முடியாது என்றால் வருத்தப்பட வேண்டாம். மருத்துவமனைத் துப்புரவுப் பணியிலும் பாதுகாவலர் பணியிலும் தொழிற்சாலைகளிலும் முறைமாற்றி வேலை செய்பவர்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை நாள் அல்ல. அந்த வீட்டில் பாட்டி வரலாம், சித்தி வரலாம், அப்பா வரலாம். ‘பெற்றோர்’ என்று நான் எழுதும் இடமெல்லாம் அந்தப் பிள்ளை நம்பும் பெரியவர் என்று படித்துக்கொள்ளுங்கள். அப்பாக்களைக் குறிப்பாக அழையுங்கள். “நாற்காலி தூக்க வாருங்கள்” என்று அழைக்காமல், பிள்ளையோடு விளையாட அழையுங்கள்.

ஐந்துக்குக் குறைந்தால் இருவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் மையம் மூடிவிடும். பன்னிரண்டு குடும்பத்துக்கு மேல் போனால் ஒருவரையொருவர் அறியாத கூட்டமாகிவிடும். இரண்டாகப் பிரிவது நல்லது.

இரண்டாம் படி: சட்டம் என்ன சொல்கிறது?

இதைப் பலரும் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். புரிந்துகொண்டால் பயமில்லை. 1984ஆம் ஆண்டின் குழந்தை பராமரிப்பு மையச் சட்டம், அதாவது சட்டம் 308, எதைப் பராமரிப்பு மையம் என்கிறது? ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்கு உட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ கட்டணம் பெற்று ஏற்றுக்கொண்டு கவனிக்கும் இடத்தை. அப்படிப்பட்ட இடம் சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், அதாவது சட்டம் 550, பத்து மாணவர்களுக்கோ அதற்கு மேலோ பாலர் கல்வி தரும் இடத்தைப் பாலர்பள்ளி என்கிறது. அதற்குக் கல்வி அமைச்சின் பதிவு தேவை.

பெற்றோர் தம் பிள்ளையைத் தாமே பார்த்துக்கொண்டு, கட்டணம் வாங்காமல், பாடம் நடத்தாமல் கூடி விளையாடுவது இந்த இரண்டிலிருந்தும் தன்மையிலேயே வேறுபட்டது. ஆனாலும் தொடங்குமுன் உங்கள் வட்டாரச் சமூக நல இலாகா அலுவலகத்துக்கு இருவர் நேரில் சென்று, என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, அவர்கள் கருத்தை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். “பெற்றோர் எந்நேரமும் உடனிருப்பார்கள், கட்டணம் இல்லை” என்ற இரண்டு வரியும் கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும்.

அடுத்தது சங்கப் பதிவு. 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம் ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பைச் சங்கமாகக் கருதுகிறது. புதிதாகப் பதிவு செய்ய முனைந்தால் விதித்தொகுப்பு, பொறுப்பாளர் பட்டியல், ஆண்டறிக்கை என்று முதல் ஆண்டு முழுவதும் தாளிலேயே போய்விடும். ஏற்கெனவே பதிவுள்ள ஓர் அமைப்பின் கீழ் சேர்வதே என் பரிந்துரை: குடியிருப்போர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பு, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோவில் நிர்வாகம். இவற்றில் ருக்குன் தெத்தாங்காவுக்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு. அது எல்லா இனத்தாருக்கும் பொதுவானது. மண்டபம் கேட்கும்போது கதவு எளிதில் திறக்கும்.

மூன்றாம் படி: இடம்

பெரும்பாலான மக்கள் வீடமைப்புத் திட்டக் கட்டடங்களில் பல்நோக்கு மண்டபம் ஒன்று உண்டு. கோலாலம்பூரில் அவற்றைப் பெரும்பாலும் மாநகர் மன்றம் நிர்வகிக்கிறது. தனியார் அடுக்குமாடி என்றால் 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அமைந்த நிர்வாகக் குழுவிடம் எழுத்து அனுமதி கேட்க வேண்டும். கோவில் மண்டபம் நம்மவருக்கு எளிதில் கிடைக்கும். ஆனால் திருமண நாள்களிலும் பங்குனி, ஆடி மாதங்களிலும் அது நமக்குக் கிடைக்காது என்பதை முதலிலேயே கணக்கில் எடுங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது ஒரு பிள்ளையையும் அழைத்துச் சென்று, தரையில் உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். நின்று பார்க்கும் பெரியவர் கண்ணுக்குத் தெரியாதது உட்கார்ந்தால் தெரியும்: மூடியில்லாத மின்செருகி, மடக்கு மேசையின் துருப்பிடித்த முனை, கதவிடுக்கு, மூடாத வடிகால். மண்டபம் மேல் மாடியில் இருந்தால் சன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள். கழிவறை அருகில் இருக்க வேண்டும். கை கழுவத் தண்ணீர் வர வேண்டும். மையத்துக்குரிய பொருள்களைப் பூட்டி வைக்க ஓர் அலமாரி கேட்டு வாங்குங்கள். வாரந்தோறும் ஆறாவது மாடியிலிருந்து எல்லாவற்றையும் சுமந்து இறக்க வேண்டியிருந்தால், மின்தூக்கி பழுதான முதல் வாரமே மனம் சோர்ந்துவிடும்.

சுற்றியுள்ள செடிகளையும் பாருங்கள். கோவில் வளாகத்தில் அரளி கட்டாயம் இருக்கும். பூ, இலை, தண்டு எல்லாமே நஞ்சு. நடைவழித் தொட்டிகளில் வெள்ளைப் புள்ளியுடன் அகன்ற இலை விரித்து நிற்கும் டீபன்பாக்கியாவைக் கடித்த பிள்ளையின் வாயும் நாக்கும் எரிந்து வீங்கிவிடும். செடியை வெட்டச் சொல்லி நிர்வாகத்தோடு சண்டை வேண்டாம். எட்டாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்தினால் போதும். பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையத்தின் எண் 1-800-88-8099. இதை அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.

நான்காம் படி: பொருள்கள்

கடையில் கண்ணைப் பறிக்கும் பிளாஸ்டிக் சமையலறை, பாட்டுப் பாடும் எழுத்துப் பலகை எதையும் வாங்காதீர்கள். பொத்தானை அழுத்தினால் பாடும் பொருளில் பிள்ளை செய்வதற்கு ஒன்றுமில்லை. பொருளே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. பிள்ளை ஒன்றை நூறாக மாற்றக்கூடிய பொருள்தான் நல்ல பொருள். மணல், தண்ணீர், மாவு, மரக்கட்டை, துணி, பெட்டி.

மரக்கட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கையில் இருக்கும் காசில் பெரும்பங்கை அதற்கே செலவிடச் சொல்வேன். நம் தாத்தாக்கள் பால் வெட்டிய ரப்பர் மரம்தான் இன்று மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மரம். தளவாடப் பட்டறையில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டால் பெரும்பாலும் மலிவாகவோ இலவசமாகவோ தருவார்கள். தச்சு தெரிந்த ஒரு தாத்தாவிடம் கொடுத்து, தடிமன், அகலம், நீளம் மூன்றும் ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற விகிதத்தில் அறுக்கச் சொல்லுங்கள். தடிமன் மூன்றரை, அகலம் ஏழு, நீளம் பதினான்கு சென்டிமீட்டர் என்றால் சிறு கைக்குச் சரியாக இருக்கும். பாதிக் கட்டை, இரட்டைக் கட்டை சிலவும் வேண்டும். இந்த விகிதம் பிசகக் கூடாது. இரண்டு பாதி சேர்ந்தால் ஒரு முழு என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுபிடிக்கும் இடம் அது. பின்னாளில் பின்னம் படிக்கும்போது அதற்கு அந்த நினைவு இருக்கும். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். வண்ணம் பூச வேண்டாம். ஐந்தாறு பிள்ளைகள் சண்டையின்றிக் கட்ட நூறு துண்டுகளாவது வேண்டும்.

மாவு வீட்டிலேயே செய்யலாம். இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், சிறிது சிறிதாக ஒரு கப் வரை வெந்நீர். மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும் பாண்டான் இலைச் சாறும் நிறம் தரும். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே வைத்தால் இளகிப் பூஞ்சை பிடிக்கும். உப்பு நிறைய இருப்பதால் பிள்ளை அள்ளித் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணலுக்குப் பதில் அரிசியைக் கொட்டி விளையாடவைக்கும் படங்களை இணையத்தில் நிறையப் பார்க்கிறோம். அதை நான் ஏற்கவில்லை. சிந்திய ஒரு பருக்கையையும் பொறுக்கிய பாட்டிமார்கள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கழுவிய ஆற்று மணல் இரண்டு மூட்டை, ஆழமான தட்டுகள் இரண்டு, பூனை ஏறாதபடி மூடி. அவ்வளவுதான்.

தச்சு வேலைக்கு வாழைமரத் துண்டைப் போல ஏற்ற பொருள் வேறில்லை. குலை வெட்டியபின் சாயும் மரத்தில் ஒரு முழத் துண்டை அறுத்து நிறுத்தி, சிறு சுத்தியலும் தலை அகன்ற ஆணியும் கொடுத்தால் நான்கு வயதுப் பிள்ளை அரை மணி நேரம் அசையாமல் வேலை செய்யும். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். வாழைச்சாற்றின் கறை போகாது. பழைய சட்டை போட்டு வரச் சொல்லுங்கள்.

பழைய சேலைகள் நான்கைந்து கொண்டுவாருங்கள். இரண்டு நாற்காலிக்கு நடுவே கட்டினால் வீடு, தோளில் போட்டால் மணப்பெண், தரையில் விரித்தால் ஆறு. பல்லாங்குழிப் பலகை இருந்தால் நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வையுங்கள். மலாய்க்காரப் பிள்ளைகள் அதையே சொங்காக் என்று அறிந்திருப்பார்கள். அங்கே நட்பு தானாக வரும். ஆனால் விதைகளில் கவனம். பூங்காக்களில் உதிர்ந்து கிடக்கும் முழுச்சிவப்பு மஞ்சாடி வேறு, கறுப்புப் புள்ளியுள்ள குன்றிமணி வேறு. குன்றிமணி கொடிய நஞ்சு, அறைக்குள்ளேயே வரக்கூடாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர் கைக்கு எட்டும் எந்தப் பொருளும் கழிவறைத் தாள் சுருளின் நடுக்குழாய்க்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் அது தொண்டைக்குள்ளும் நுழையும். வட்ட மின்கலம் உள்ள பொம்மைகளையும் தண்ணீரில் ஊறிப் பெருகும் மணிகளையும் நன்கொடையாக வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு சனிக்கிழமை காலை

எட்டரைக்குப் பொறுப்பு முறையில் உள்ள இரு குடும்பங்கள் வந்து அறையைக் கூட்டி, பொருள்களை மூலைக்கு ஒன்றாகப் பரப்புகின்றன. கட்டைக்கு ஒரு மூலை, மாவுக்கு ஒரு மேசை, வீட்டு விளையாட்டுக்குச் சேலைக் கூடாரம், புத்தகத்துக்கு ஒரு பாய். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். வெளியே விளையாடுவதானால் பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வெயில் கடுமை. காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டிய புகைமூட்ட நாளில் வெளியே போகவே வேண்டாம்.

பிறகு ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் தாங்கள் விரும்பியதைச் செய்கிறார்கள். “இப்போது எல்லாரும் மாவு” என்ற கட்டளை கிடையாது. ஒரு பிள்ளை வந்ததிலிருந்து போகும்வரை ஒரு வாளியில் தண்ணீரை ஊற்றி ஊற்றி எடுத்தால் அதுதான் அன்றைக்கு அதன் வேலை. இரண்டு வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே விளையாடுவதைக் கண்டு “சேர்ந்து விளையாடு” என்று தள்ளாதீர்கள். மில்ட்ரட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932இலேயே இதை விளக்கியிருக்கிறார்: தனித்து விளையாடுவது, அருகருகே விளையாடுவது, கலந்து விளையாடுவது, கூடி விளையாடுவது என்று அது படிப்படியாக வளர்கிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளையை ஓரக்கண்ணால் பார்ப்பதும் கற்றல்தான்.

பெரியவர் என்ன செய்வது? இதுதான் கடினமான பகுதி. நம் கை சும்மா இருக்காது. பிள்ளை கோபுரம் கட்டும்போது “இப்படி வை” என்று வாய் போகும். அடக்கிக்கொண்டு தரையில் உட்காருங்கள். பார்ப்பதைச் சொல்லுங்கள்: “பெரிய கட்டையை அடியில் வைத்தாய். இப்போது ஆடவில்லை.” படத்தைக் காட்டினால் “இது என்ன, யானையா?” என்று கேட்காமல் “இதைப் பற்றிச் சொல்லேன்” என்று கேளுங்கள். இரு பிள்ளைகள் ஒரே வண்டிக்காகச் சண்டையிட்டால் உடனே நீதிபதி ஆகாதீர்கள். அருகில் போய், வண்டியில் ஒரு கை வைத்து, “இரண்டு பேருக்கும் வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நான்கு வயதுப் பிள்ளை பெரும்பாலும் ஒரு வழி சொல்லும். அடிப்பது, கடிப்பது மட்டும் உடனே நிறுத்தப்படும். அதை எல்லாப் பெரியவரும் ஒரே மாதிரி, பிள்ளையை ஏசாமல், செய்ய வேண்டும்.

பத்தரைக்குக் கை கழுவிச் சிற்றுண்டி. சைவமாக வைத்தால் பலதரப்பட்ட குடும்பத்தாரும் ஒன்றாக உண்ணலாம்: வாழைப்பழம், பப்பாளி, அவித்த மரவள்ளி, இட்லி. சுண்டலை மசித்துக் கொடுங்கள். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, கொட்டையோடு ரம்புத்தான், லோங்கான் கூடாது, தொண்டையில் அடைக்கும். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. குடிக்கத் தண்ணீர் மட்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் பெயரும் பொருளும் சிற்றுண்டி மேசைக்கு மேலே எழுதியிருக்க வேண்டும்.

பதினொன்றுக்குப் பாட்டு, கதை, கும்மி. பாட்டி ஒருவர் கதை சொன்னால் அதற்கு மேல் வேறு வேண்டாம். பதினொன்றரைக்குப் பிள்ளைகளோடு சேர்ந்தே பொருள்களை எடுத்து வைக்கிறோம். இரண்டு வயதுப் பிள்ளையும் ஒரு கட்டையைப் பெட்டியில் போடலாம்.

கைப்பேசி எல்லாம் வாசலில் ஒரு கூடையில் கிடக்கட்டும். படம் எடுக்க ஒரே ஒருவர். முகம் தெரியும் படம் எதுவும் மையத்தின் புலன (வாட்ஸ்அப்) குழுவைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

ஆறாம் படி: பொறுப்பு முறை

ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது நியூசிலாந்து மையங்களின் கணக்கு. நம் மையத்தில் ஒவ்வொரு பிள்ளையோடும் ஒருவர் இருப்பதால் ஆள் குறையாது, கவனம்தான் குறையும். பெரியவர்கள் எல்லாரும் ஓரத்தில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் பத்துப் பேர் இருந்தும் ஒருவரும் இல்லாத கதைதான். ஆகவே ஒவ்வொரு வாரமும் நான்கு பொறுப்புகளைப் பெயரிட்டு எழுதுங்கள்: வாசலைப் பார்ப்பவர், தண்ணீரையும் கழிவறை வழியையும் பார்ப்பவர், சிற்றுண்டிக்காரர், குறிப்பு எழுதுபவர். அடுத்த இரண்டு மாதத்துக்கான பட்டியல் சுவரில் இருக்கட்டும்.

குறிப்பு எழுதுபவரின் நோட்டுப் புத்தகம் மையத்தின் உயிர். மதிப்பெண் எதுவும் வேண்டாம். “இன்று முதன்முறையாகச் சேலைக் கூடாரத்துக்குள் தானாகப் போனாள், இன்னொரு பிள்ளைக்குத் தேநீர் ஊற்றினாள்” என்று பிள்ளைக்கு இரண்டு வரி. மாதம் ஒருமுறை பிள்ளைகள் தூங்கியபின் பெற்றோர் கூடி அதைப் படிக்கும்போது, தம் பிள்ளையைப் பிறர் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கிறது. வீட்டில் அடங்காதவன் என்று ஏசப்பட்டவன் இங்கே சிறு பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டான் என்று அறிவது ஓர் அப்பாவுக்குச் சிறிய செய்தியல்ல.

எவரும் பிறர் பிள்ளையோடு மற்றவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தனித்திருக்கக் கூடாது. கழிவறைக்கு அவரவர் வீட்டாரே அழைத்துச் செல்ல வேண்டும். இது யார்மேலும் சந்தேகம் கொண்டு அல்ல; எல்லாருக்கும் ஒரே விதி என்றால் எவருக்கும் மனவருத்தம் வராது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாக ஐயம் எழுந்தால் புலனக் குழுவில் பேசாதீர்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணை, அதாவது அரசின் உதவித் தொலைபேசியை, அழையுங்கள். அவசரம் என்றால் 999.

ஏழாம் படி: நோயும் கொசுவும்

கை, கால், வாய்ப்புண் நோய் நம் நாட்டில் சிறு பிள்ளைகள் கூடும் இடத்தில் எப்போதும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. வாசலில் இருப்பவர் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையையும் வாயையும் பார்த்துவிட்டே உள்ளே விட வேண்டும். சாராயம் கலந்த கைத்தூய்மி இந்தக் கிருமியிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. நோய் கண்ட பிள்ளை கொப்புளங்கள் காய்ந்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வீட்டில் இருக்கட்டும். அந்த வாரம் கட்டை, பொம்மை எல்லாவற்றையும் நீர்த்த குளோரின் கரைசலால் துடைத்துக் காயவைத்து, மாவைக் குப்பையில் போடுங்கள்.

விளையாட்டு முடிந்ததும் எல்லா வாளியையும் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். உங்கள் அடுத்த சனிக்கிழமைக்குள் மையமே டிங்கியின் பிறப்பிடமாகிவிடும். தண்ணீர் விளையாட்டின்போது ஒருவர் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். இரண்டு அங்குலத் தண்ணீரிலும் சிறு குழந்தை மூழ்கும்.

பணம்

இது கட்டணம் அல்ல, விரும்பிக் கொடுக்கும் பங்கு: குடும்பத்துக்கு மாதம் பத்து ரிங்கிட் சிற்றுண்டிக்கும் சோப்புக்கும் போதும். முடியாதவர் கொடுக்க வேண்டாம். யார் கொடுக்கவில்லை என்பது கணக்காளரைத் தவிர வேறு எவருக்கும் தெரியக் கூடாது. செலவைச் சுவரில் ஒட்டுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் சிறு உதவி கேட்கலாம். கொடுப்பதை நன்றியோடு வாங்குங்கள். கொடுத்தவர் முகம் பதித்த பதாகையைப் பிள்ளைகள் விளையாடும் சுவரில் மாட்ட மட்டும் இடம் தராதீர்கள்.

மூன்றாம் மாதத்தில் வரும் கேள்விகள்

“எப்போது ஏ பி சி சொல்லித் தருவீர்கள்?” நிச்சயம் கேட்பார்கள். முதலாம் ஆண்டில் தம் பிள்ளை பின்தங்கக்கூடாது என்ற பயத்திலிருந்து வரும் கேள்வி அது. அலட்சியமாகப் பதில் சொல்லாதீர்கள். கேட்பவரை மாவு மேசைக்கு அழைத்துப் போய் உட்காரவையுங்கள். உருட்டி, அழுத்தி, கிள்ளிப் பழகிய விரல்கள்தான் பென்சிலைப் பிடிக்கும். “நீ கடைக்காரர், நான் வாங்க வருகிறேன், பத்து சென்னுக்கு எத்தனை?” என்று பேசும் பிள்ளை மொழியும் கணக்கும் ஒன்றாகப் படிக்கிறது. பயிற்சித்தாள் கேட்கும் குடும்பம் அதை வீட்டில் செய்யட்டும். மையத்துக்குள் வேண்டாம் என்பதில் உறுதியாக இருங்கள்.

“தமிழில் மட்டும் பேச வேண்டுமா?” பெரியவர்கள் பிள்ளைகளோடு தமிழில் பேசுங்கள், நிறையப் பேசுங்கள். மலாயில் பதில் சொல்லும் பிள்ளையைத் திருத்தாமல், அதே கருத்தைத் தமிழில் விரித்துத் திருப்பிச் சொல்லுங்கள். மலாய், சீனக் குடும்பம் வந்தால் அவர்கள் பாட்டுக்கும் இடம் கொடுங்கள்.

“என் பிள்ளை மற்றவர்போல் பேசவில்லையே?” பல வயதுப் பிள்ளைகள் கூடும் இடத்தில் இது கண்ணில் படும். மையத்தில் எவரும் மருத்துவர் அல்ல. பெயர் சூட்ட வேண்டாம். நோட்டுப் புத்தகத்தில் எழுதியதைத் தாயிடம் காட்டி, அரசு சுகாதார மருந்தகத்துக்குக் கூடப் போய்வர ஒருவர் முன்வாருங்கள். அங்கே பதினெட்டாவது மாதத்திலும் மூன்று வயதிலும் ஆட்டிசத்துக்கான முதற்கட்டக் கேள்விகளைக் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளை மையத்துக்குத் தொடர்ந்து வரட்டும். சத்தம் தாங்காத பிள்ளைக்குச் சேலைக் கூடாரத்தை அமைதி மூலையாக விட்டுக்கொடுத்தால் போதும்.

கைமாற்றுவது

மூத்த பிள்ளைகள் பாலர்பள்ளிக்கோ முதலாம் ஆண்டுக்கோ போகும்போது நடத்திய பெற்றோரும் போய்விடுவார்கள். பல குழுக்கள் கலைவது இங்கேதான். அதற்கு முந்திய ஆகஸ்டிலேயே ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளையுள்ள இரு குடும்பங்களைப் பொறுப்புக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். மண்டபத்துக்காரருக்கும் சமூக நல இலாகாவுக்கும் அவர்களை நேரில் அறிமுகப்படுத்துங்கள். அலமாரிச் சாவியில் ஒன்று, கணக்குப் புத்தகம், அனுமதிக் கடிதங்களின் நகல், பட்டறைக்காரரின் எண், கொசு மருந்து அடிக்கும் நாள்களின் அட்டவணை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு டிசம்பருக்குள் கைமாற்றிவிடுங்கள். பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகளை மட்டும் பிரித்து அவரவர் வீட்டுக்குக் கொடுங்கள்.